சானடோரியத்துக்கு வந்தவர்கள்

செங்கை மருத்துவ வரலாறு: பகுதி 11

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டி நிற்கிற நிலையத்துக்குத் தனி ஊர்ப் பெயர் கிடையாது. மருத்துவமனையின் பெயரையே வைத்துவிட்டார்கள்: தாம்பரம் சானடோரியம். மாதப் பாஸ் வைத்திருப்பவர்கள் அதையும் சுருக்கி 'சானடோரியம்' என்பார்கள். காசநோய்க்காரர்களைக் காற்றோட்டத்தில் படுக்கவைக்க ஒரு மருத்துவர் தொடங்கிய இடம் அது. எழுபது, எண்பது ஆண்டு கழித்து, நாட்டிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்த இடங்களில் ஒன்றாகவும் ஆனது. இந்தப் பகுதியில் நாம் பார்க்கப்போவது அந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற நூலை.

தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் பெயர் எடுத்தவர். கணிதமேதை இராமானுஜன் 1917இல் நோயாளியாகத் தங்கிய மெண்டிப் மலைச் சானடோரியம் இவருடையதுதான். ஊர் திரும்பியவர் 1928இல் தாம்பரத்தில், அன்று பட்டணத்துக்கு வெளியே காடும் குன்றுமாகக் கிடந்த செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள், ஒரு சிறிய சானடோரியத்தைத் திறந்தார். 1937இல் சென்னை மாகாண அரசு அதை வாங்கிக்கொண்டது. பிறகு மாவட்டத்தின் பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது. செங்கல்பட்டு, செங்கை அண்ணா, செங்கை எம்.ஜி.ஆர்., காஞ்சிபுரம் என்று சுற்றி, 2019 நவம்பரில் மறுபடியும் செங்கல்பட்டு. மருத்துவமனை இருந்த இடத்திலேயே இருந்தது.

சௌரிமுத்து காலத்து வைத்தியம் எளியது: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. மருந்து என்று சொல்ல எதுவும் கையில் இல்லை. 1940களின் கடைசியில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1950களின் தொடக்கத்தில் ஐசோனியாசிடும் வந்தன. வந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. இந்தியா போன்ற நாட்டில் இருக்கிற காசநோயாளிகள் அத்தனை பேருக்கும் படுக்கை போட எந்த அரசாங்கத்தாலும் முடியாது. மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

அந்தக் கேள்விக்கு விடை தேடியதும் நம் பக்கத்தில்தான். 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்த காரியம். முன்னின்றவர் வாலஸ் ஃபாக்ஸ் என்கிற ஆங்கிலேய மருத்துவர். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மாத்திரைகள்.

வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடிசைகளில் இருந்தார்கள், சாப்பாடு குறைவு, பலர் வேலைக்கும் போனார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு முட்டை, பால், ஓய்வு. ஓராண்டு முடிவில் பார்த்தால் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் உடனிருந்த பிள்ளைகளுக்கும் மனைவிமாருக்கும் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. சானடோரியத்துக்குப் போனவர்களில் சிலர் குடும்பத்தை விட்டு இருக்கமாட்டாமல் பாதியிலேயே கிளம்பியும் போனார்கள்.

இந்த முடிவுகள் 1959இல் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஃபாக்ஸின் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. செவிலியர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள், மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரை எடுத்துச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். குடும்பத்தில் யாரையாவது பொறுப்பாக்கினார்கள். ஏழை நாட்டில் நீண்டகால மருந்தை நடத்திக்காட்டுகிற கலை அங்கேதான் உருவானது. மாத்திரை பாதி, அதைக் கொண்டுபோய்ச் சேர்த்து எண்ணிப் பார்க்கிற ஏற்பாடு மீதிப் பாதி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1986க்கு வருவோம்.

அந்த ஆண்டு சென்னையில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சென்ற பகுதியில் விரிவாகச் சொல்லியிருந்தேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, பெண்கள் காப்பகத்திலிருந்து எடுத்த ரத்த மாதிரிகள், வேலூர் ஆய்வகத்தில் சோதனைத் தட்டின் ஆறு குழிகளில் கண்ட மஞ்சள் நிறம், சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் ஹண்டேயின் அறிவிப்பு. கண்டுபிடித்தாயிற்று, சரி. கண்டுபிடிக்கப்பட்டவர்களை என்ன செய்தோம்?

பூட்டிவைத்தோம். தண்டனைக் காலம் முடிந்த பெண்களைக்கூட, ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் காப்பகத்தை விட்டு அனுப்பவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் 1990இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அவர்களை வெளியே கொண்டுவர முடிந்தது. 1989இல் மாநிலங்களவையில் எய்ட்ஸ் தடுப்பு மசோதா என்று ஒன்று வந்தது. தொற்று உள்ளவர்களைப் பிரித்துவைக்க அதிகாரம் கேட்ட மசோதா. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள்.

வெளிநாட்டுக்காரன் கொண்டுவந்த நோய் என்பது அன்று எங்கும் கேட்ட பேச்சு. வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டாயப் பரிசோதனை நடந்ததும் அந்த நாட்களில்தான். மாமல்லபுரம் மாதிரி ஊருக்கு அந்தப் பேச்சு வசதியாகவும் இருந்தது. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர், கடற்கரையோரம் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதிகள். விரலை நீட்ட ஆள் தயாராக இருந்தான். நோய் வந்த வழியோ வேறு பக்கம் இருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் இரவு நிற்கிற லாரிகள், வேலைக்காக மாதக்கணக்கில் வெளியூர் போகிற ஆண்கள், அவர்கள் திரும்பி வந்த வீடுகள். தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. தொற்றிய பெண்களில் மிகப் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். நாமக்கல் பக்கத்து கௌசல்யாவும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து 1998இல் தங்களுக்கென்று ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். முகத்தைக் காட்டிப் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் இந்த உண்மை நடுக்கூடத்துக்கு வந்தது.

தாம்பரத்துக்கு முதல் எச்.ஐ.வி. நோயாளிகள் வந்தது 1993இல். ஏன் அங்கே? பதில் எளிது: இருமல். உடம்பின் எதிர்ப்பு சக்தி குறைந்ததும் நம் நாட்டில் முதலில் தலைகாட்டுவது காசநோய். இருமலோடு வந்தவரைப் பெரிய மருத்துவமனைகள் காசநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பின. ரத்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது என்று தெரிந்ததும் இன்னும் சுறுசுறுப்பாக அனுப்பின. பிரசவத்துக்கும், அறுவைச் சிகிச்சைக்கும், சாதாரணக் கட்டுப் போடுவதற்கும்கூடத் தொட மறுத்த காலம் அது. கைகாட்டிவிட்ட இடம் சானடோரியம். அங்கே மட்டும் 'இடமில்லை, போ' என்று சொல்லவில்லை. நானறிந்தவரை தமிழ்நாட்டு எச்.ஐ.வி. சிகிச்சை வரலாற்றில் மிகப் பெரிய முடிவு அதுதான். எந்த அரசாணையிலும் அது பெரிய எழுத்தில் இல்லை.

சில ஆண்டுகளில் ஆந்திராவிலிருந்தும் வந்து குவிந்தார்கள். வார்டுகளில் தமிழும் தெலுங்கும் சம அளவில் கேட்டன. எழுநூறுக்கும் மேல் படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் கட்டில் போதாமல் பாயில் படுத்தவர்களும் உண்டு.

மருந்து இல்லாத அந்தப் பத்தாண்டுகளில் மருத்துவர்கள் என்னதான் செய்தார்கள் என்று இன்றைய வாசகர்கள் கேட்கலாம். வைரஸைத் தொட முடியாதே தவிர, வைரஸ் கதவைத் திறந்துவிட்டதால் உள்ளே வந்தவற்றோடு சண்டை போட முடிந்தது. வாயெல்லாம் வெள்ளை படிந்து எச்சில்கூட விழுங்க முடியாமல் வருவார்கள். ஃபுளூகோனசோல் கொடுத்தால் நாலைந்து நாளில் கஞ்சி இறங்கும். ஓயாத வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், சொட்டுநீர். ஒருவகை நிமோனியாவைத் தடுக்க விலை மலிந்த கோட்ரைமாக்சசோல் மாத்திரை, தினமும். காசநோய்க்கு உரிய மருந்து. இவ்வளவாலேயே ஓராண்டு, இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்தவர்கள் உண்டு. அந்த இரண்டாண்டைச் சிறிதென்று நினைக்கக்கூடாது. பிள்ளைக்குப் பள்ளி சேர்க்கவும், நிலத்தை மனைவி பேருக்கு எழுதவும் அது போதும்.

இன்னொன்றும் நடந்தது. கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சி.என். தெய்வநாயகம் நவீன மருத்துவம் படித்தவர். ஆனாலும் சித்த மருந்தைக் கையில் எடுத்தார். இரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம். மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரான்' மருத்துவம் என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிட்டார்கள். பசி எடுத்தது, எடை கூடியது என்று மருத்துவமனையின் பதிவுகள் சொல்லின. வைரஸும் குறைந்தது என்று அவர் தரப்பு எழுதியது. மருந்து கொடுத்தவர், கொடுக்காதவர் என்று பிரித்து ஒப்பிட்டு அதை உலகம் ஒப்புக்கொள்கிற அளவுக்கு நிறுவவில்லை. இன்று பின்னால் திரும்பிப் பார்த்து இதைக் கேலி செய்பவர்களை நான் ஏற்பதில்லை. ஆங்கில மருந்தின் விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் இருந்தபோது, வெறுங்கையோடு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாத மனிதர் அவர். ஆனால் அதே காலத்தில் 'எய்ட்ஸ் முற்றிலும் குணமாகும்' என்று சுவரொட்டி ஒட்டி, வீட்டை விற்கவைத்துப் பணம் பறித்த கூட்டத்தை இவரோடு சேர்த்துப் பேசக்கூடாது. தெய்வநாயகத்தின் மருந்துக்குக் காசு கிடையாது. சானடோரியம் வளாகத்தை ஒட்டி 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது தனிக் கதை, பிறகு வரும்.

விழிப்புணர்வு என்ற பெயரில் நடந்தவற்றில் இரண்டொன்றைச் சொல்லிவிட்டு மேலே போவோம். தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் தொடங்கப்பட்டது. நாட்டிலேயே முதல். மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்துத்தான் தொடங்கின. 1995 முதல் அடையாற்றில் இருக்கும் தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனை அமெரிக்க உதவியோடு நெடுஞ்சாலைகளில் லாரிக்காரர்களிடம் வேலை செய்தது. பிறகு வந்தது புள்ளிராஜா விளம்பரம். 2003 வாக்கில் சுவரெல்லாம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' முகம் இல்லாத அந்தப் பெயர் ஊரின் வாயில் புகுந்துகொண்டது. ராஜா என்று பெயர் வைத்திருந்த பையன்கள் பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு வேறு. நோயைப் பற்றி வாய் திறக்கவே கூசிய ஊரில், டீக்கடையில் அதைப் பேசுபொருளாக்கியது பெரிய காரியம். அதே விளம்பரம் 'தப்பு செய்தவனுக்கு வரும் நோய்' என்ற எண்ணத்தையும் சேர்த்தே நட்டுவிட்டது. கணவனிடமிருந்து தொற்றிய பெண்கள் அதற்கான விலையைக் கொடுத்தார்கள்.

மாத்திரைக்கு வருவோம். மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கும் என்பது 1996லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் அந்த மருந்து வந்த ஓரிரு ஆண்டிலேயே சாவு பாதியானது. நம் ஊருக்கு எட்டவில்லை. விலையை உடைத்தது ஓர் இந்திய நிறுவனம். 2001 பிப்ரவரியில் சிப்லாவின் யூசுப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஒருவருக்கு ஓராண்டுக்கு 350 டாலர் என்று விலை சொன்னார். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு அல்ல, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்திருந்தது. அந்த இடைவெளியில் பிறந்த விலை அது. 2005இல் அந்தக் கதவை நாமே சாத்திக்கொண்டோம்.

விலை இறங்கியதும் வேறொரு தடை கிளம்பியது. பணக்கார நாடுகளில் உட்கார்ந்து பேசினவர்கள், ஏழைகளுக்குக் கடிகாரம் பார்த்து மருந்து சாப்பிடத் தெரியாது, விட்டுவிட்டுச் சாப்பிட்டு மருந்துக்கு அடங்காத வைரஸைத்தான் உற்பத்தி செய்வார்கள் என்றார்கள். 2001இல் அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ் ஆப்பிரிக்கர்களைப் பற்றி ஏறத்தாழ இதையே வெளிப்படையாகச் சொன்னார். சேத்துப்பட்டில் 1959லேயே விடை எழுதியாகிவிட்டது. யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

2003 நவம்பர் 30 அன்று மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் இலவச மருந்தை அறிவித்தார். 2004 ஏப்ரல் 1, நாட்டில் எட்டு மருத்துவமனைகளில் தொடக்கம். அவற்றில் ஒன்று தாம்பரம். ஏன் தாம்பரம் என்று யாரும் கேட்கவில்லை. நோயாளிகள் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள்.

கூட்டு மருந்து சிகிச்சை என்று பெயர். நோயாளிகள் வாயில் வெறும் 'மாத்திரை'. 'மாத்திரை ஆரம்பிச்சாச்சா?', 'கவுண்ட் எவ்வளவு?' இந்த இரண்டு கேள்விகளில் ஒருவர் நிலைமை முழுக்கத் தெரிந்துவிடும். கவுண்ட் என்பது ரத்தத்தில் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை. அன்று அது 200க்குக் கீழே போனவர்களுக்குத்தான் மருந்து. 210 இருந்தவர் இன்னும் கொஞ்சம் கெட்டுவிட்டு வரட்டும் என்று அனுப்பப்பட்டார். மருந்து அளவாக இருந்தது, ஆட்கள் அளவில்லாமல் இருந்தார்கள்.

மருந்து தொடங்குவது ஒரே நாளில் நடக்காது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் ஒரே மாத்திரைக்குள். ஆனால் நெவிரபினை முதல் பதினான்கு நாள் ஒரு வேளை மட்டும்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் பற்றி எரிகிற மாதிரி தடிப்பு வரலாம், கல்லீரல் கெடலாம். ஆகவே காலையில் நெவிரபின் சேர்ந்த மாத்திரை, இரவில் சேராத மாத்திரை. பதினைந்தாம் நாளிலிருந்து இரண்டு வேளையும் ஒன்றே. எடை 60 கிலோவைத் தாண்டினால் ஸ்டாவுடின் அளவு 30லிருந்து 40 மில்லிகிராம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவரானால் நெவிரபின் ஒத்துவராது, எஃபாவிரன்ஸ் கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இதையெல்லாம் யார் சொல்லிப் புரியவைப்பது? கவுன்சலர். மேசைமேல் இரண்டு நிற மாத்திரையை வைத்து, சூரியனும் நிலாவும் வரைந்து காட்டிச் சொன்னவர்கள். சிலர் தாங்களே எச்.ஐ.வி. உள்ளவர்கள். 'நானும் இதைத்தான் சாப்பிடுறேன், பாருங்க' என்று அவர்கள் சொன்ன ஒரு வார்த்தைக்கு மருத்துவரின் அரைமணி நேரப் பேச்சு ஈடாகாது.

மாதம் ஒருமுறை வர வேண்டும். பச்சை நிறப் புத்தகத்தையும், மீதி மாத்திரை உள்ள டப்பாவையும் கொண்டுவர வேண்டும். டப்பாவைக் கொட்டி எண்ணுவார்கள். நூற்றுக்கு 95க்குக் குறையக்கூடாது, அதாவது மாதத்தில் மூன்று வேளைக்குமேல் தவறக்கூடாது. சேத்துப்பட்டுச் செவிலியர்கள் செய்த அதே எண்ணிக்கை வேலை. டப்பாவின்மேல் ஒட்டியிருக்கும் தாளைப் பலரும் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். பஸ்ஸில் பையிலிருந்து அது எட்டிப் பார்த்தால் போதும், ஊரில் கதை கட்டிவிடுவார்கள்.

மாமல்லபுரம் கடற்கரைக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டில் என்ன சிக்கல் என்று பாருங்கள். தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் போன்ற குப்பங்களில் விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே படகு இறங்கிவிடும். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை என்றால், ஒரு வேளை கடலில்தான். படகில் கூட நாலு பேர். அவர்கள் கண்ணெதிரில் தினமும் ஒரே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வதா? 'சுகர் மாத்திரை' என்று பொய் சொன்னவர்கள் உண்டு. ஒத்துப்போகாமல் விட்டவர்களும் உண்டு. விட்டால் நடப்பது மோசமானது. நெவிரபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் மற்ற இரண்டும் சீக்கிரம் கரைந்துவிட, நெவிரபின் மட்டும் தனியாக நாட்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். வைரஸ் அதற்குத் தப்பிக்கக் கற்றுக்கொள்ளும். அப்புறம் அந்த மாத்திரை அவருக்குப் பயன்படாது. திட்டம் தொடங்கி ஒன்பது மாதம்கூட ஆகாதபோது, 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி இதே கரையில் ஏறியது. வீட்டோடு டப்பாவையும் கடல் எடுத்துப்போனால் என்ன செய்வது என்று எந்த வழிகாட்டு ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை. மருந்துத் திட்டம் என்பது மழை, புயல், மீன்பிடித் தடைக்காலம் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதைக் கடலோரம் கற்றுக்கொடுத்தது.

தூரம் இன்னொரு பாடம். செய்யூர், கடப்பாக்கம் பக்கத்திலிருந்து சானடோரியத்துக்கு வர இரண்டு பஸ், ஒரு ரயில். போக வர ஒரு நாள் கூலி போய்விடும். துணைக்கு வருகிறவரின் கூலியும் சேர்ந்து போகும். இலவச மருந்து இலவசமில்லை. இதைப் புரிந்துகொண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மையங்கள் திறந்தார்கள். செங்கல்பட்டிலும் வந்தது. நிலையானவர்களுக்கு வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இணைப்பு மையங்கள் ஏற்பட்டன. ரயில்வே தன் பங்குக்கு இரண்டாம் வகுப்பில் பாதிக் கட்டணச் சலுகை கொடுத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதை வாங்க டிக்கெட் கவுண்டரில் எய்ட்ஸ் நோயாளி என்ற சான்றிதழை நீட்ட வேண்டும். பின்னால் வரிசையில் ஊர்க்காரன் நிற்கிறான். முழுக் கட்டணம் கொடுத்தே போனார்கள். சலுகை எழுதியவர் அந்த வரிசையில் ஒருநாள் நின்றிருக்க வேண்டும்.

மருந்தின் பக்கவிளைவுகளையும் சொல்ல வேண்டும். ஸ்டாவுடின் மலிவு, அதனால் ஏழை நாடுகளுக்கு அதுவே வந்தது. ஓரிரு ஆண்டில் பாதம் எரியும், மரத்துப்போகும். கன்னத்துக் கொழுப்பு வற்றி முகம் ஒட்டிவிடும். உயிர் பிழைத்தவர்களின் முகமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. பணக்கார நாடுகள் அந்த மருந்தை எப்போதோ விட்டுவிட்டன. அதைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2009இல்தான். நம்மிடம் டெனோஃபோவிர் முழுமையாக வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து வருகிறவர்களுக்கு எப்படி மருந்து கொடுப்பது என்பதில் சேத்துப்பட்டு மையமும் (இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) தாம்பரமும் சேர்ந்து செய்த வேலை தனியாக எழுதத் தக்கது. டாக்டர் சௌமியா சுவாமிநாதன் முன்னின்ற ஆய்வுகள், வாரம் மூன்று நாள் கொடுக்கும் முறையில் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோய் உருவாகிறது என்று காட்டின. பிறகு நாடு முழுவதும் அவர்களுக்குத் தினசரி மருந்துக்கு மாறினார்கள்.

அடுத்த பத்தாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 2007இல் இந்தியாவின் எண்ணிக்கை 57 லட்சத்திலிருந்து சுமார் 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. நோய் ஒரே ஆண்டில் குறைந்துவிடவில்லை, எண்ணும் முறை மேம்பட்டது. தென்மாநிலங்களில் இளம் கர்ப்பிணிகளிடையே தொற்று குறைகிறது என்று 2006இல் வந்த ஆய்வு சொன்னது உண்மையாகவே நல்ல செய்தி. 2011இல் ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்த ஆய்வு, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறவரிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று நிறுவியது. சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர். கெய்டொண்டே மையமும் அதில் பங்கேற்றது. அத்தோடு மருந்தே தடுப்பும் ஆனது. கவுண்ட் வரம்பு 350, 500 என்று ஏறி, 2017 ஏப்ரலில் வரம்பே போனது. தொற்று தெரிந்தால் மருந்து. அதே ஆண்டு நாடாளுமன்றம் எச்.ஐ.வி. சட்டத்தை நிறைவேற்றியது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வேலை, வீடு, சிகிச்சை மறுப்பதற்குத் தடை. 1989இல் பூட்டிவைக்க அதிகாரம் கேட்ட மசோதா வந்ததும் அதே நாடாளுமன்றத்தில்தான்.

இன்று ஒருநாளுக்கு ஒரு மாத்திரை. கடலுக்குப் போகிறவர் திரும்பி வந்து வீட்டில் போட்டுக்கொள்ளலாம். 2004இல் எலும்பும் தோலுமாகத் தாம்பரத்தில் மருந்து தொடங்கியவர்களில் பலர் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு இப்போது வருவது ரத்த அழுத்தமும் சர்க்கரையும். எல்லாரையும் போல.

இதை வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்துவிட ஆசைதான். ஆனால் 2022 ஜூலையிலிருந்து டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் நோயாளிகள் ஒரு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்து போராடினார்கள். காரணம், பல மையங்களில் மருந்து இருப்பு தீர்ந்து, ஒரு மாதத்துக்குக் கொடுக்க வேண்டியதை சில நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. டெண்டர் தாமதம். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது ஆப்பிரிக்க நாடுகளில் மையங்கள் மூடப்பட்டன. இங்கே மருந்துச் செலவின் பெரும்பகுதி மத்திய அரசின் பணம் என்பதால் அந்த இடி நம் தலையில் விழவில்லை. ஆனால் நம் டெண்டர் தாமதத்துக்கு அமெரிக்கா தேவையில்லை. நோயாளி மூன்று வேளை தவறினால் டப்பாவைக் கொட்டி எண்ணிக் கண்டிக்கிற ஏற்பாடு நம்மிடம் உண்டு. அரசு தவறினால் எண்ணுவதற்கு ஆள் இல்லை. இந்த வரலாற்றில் சரியாகாமல் கிடக்கிற கணக்கு அது.

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு யாருக்காவது சந்தேகம் இருந்தால், மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகை இருக்கும். பரிசோதனை இலவசம், முடிவை உங்களைத் தவிர யாரிடமும் சொல்லமாட்டார்கள். போகக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் முதலில் பேசிப் பாருங்கள்.

(தொடரும். அடுத்த பகுதி: செங்கல்பட்டு திருமணியில் தொழுநோய் மருத்துவம்)